நோன்புக் கஞ்சியின் சூடு

சதுரங்கப்பட்டினம்
6-4-1956

தம்பி கியாசுதீனுக்கு, ஸலாம்.

கடிதத்தைப் பார்த்ததும் அக்காவுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆறவில்லை. உம்மா மௌத்தாகிப் பத்து மாதம் ஆகிறது. எட்டு மாதம் என் மடியில் கிடந்தவளை, "இங்கே வைத்திருந்தால் பிழைக்கமாட்டாள்" என்று சொல்லி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். பத்தொன்பதாம் நாள் மையித்தாகக் கொண்டுவந்து இறக்கினாய். ஒரு வாய் தண்ணீர் என் கையால் கொடுக்க முடியவில்லை. திடீரென்று முடிந்துவிட்டது, ஆள் அனுப்பக்கூட நேரம் இல்லை என்றாய். நீ கம்பவுண்டர், படித்தவன், உன் பேச்சுக்கு நான் என்ன பதில் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். என் பெண் சுராயாவுக்கு ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது. ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. நெற்றியில், கழுத்தில், வயிற்றில் எல்லாம் கை வைத்துப் பார்த்துவிட்டேன். சூடே இல்லை. ஆனால் மீன் கொண்டுவருகிற ஆராயி நேற்று அவள் கையைப் பிடித்துவிட்டு, "இன்னாம்மா நீ, கொய்ந்த வுடம்பு கொதிக்குது, பாத்துகினு சும்மா கீறே?" என்று என்னைச் சத்தம் போட்டாள். நாள் முழுக்க ஈர மீனில் கிடக்கிற கை அவளுடையது. அந்தக் கைக்கு எதைத் தொட்டாலும் சூடாகத்தான் இருக்கும். நானும் அப்படியே சொல்லி அனுப்பிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. இரண்டு கை இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது? உம்மாவுக்கு நீ வாயில் வைத்துப் பார்ப்பாயே ஒரு கண்ணாடிக் குச்சி, அதில் ஒன்று வாங்கி அனுப்பு. எப்படிப் பார்ப்பது என்றும் எழுது. அடுத்த வெள்ளி நோன்பு பிறந்துவிடும் போலிருக்கிறது. இந்த வருஷம் தானும் நோன்பு பிடிப்பேன் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீ வர வேண்டாம். நீ பையைத் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவில் நுழைந்தாலே, "மறுபடியும் அந்த வீட்டில் யாருக்கு?" என்று கேட்பார்கள். போன வருஷம் உன் மச்சானின் மளிகைக் கடைக்குப் பக்கத்து ஊர் புதுப்பட்டினமே வராமல் நின்றுபோனது உனக்குத் தெரியும். இப்போதுதான் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள்.

பதருன்னிசா


செங்கல்பட்டு
9-4-1956

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று தெரியும். திட்டவாவது எழுதினாயே.

உங்கள் ஊர் பஸ் கண்டக்டர் தேவசகாயத்திடம் மூங்கில் குழாய் ஒன்று கொடுத்திருக்கிறேன். உள்ளே பஞ்சு சுற்றி தெர்மாமீட்டர் இருக்கிறது. "இன்னா அண்ணாத்த, புல்லாங்கொழலா?" என்றார். ஆமாம், உடைந்தால் ஊதமுடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

வைப்பதற்கு முன் மறு நுனியைப் பிடித்து நன்றாக உதற வேண்டும். பாதரசம் கீழே இறங்கும். உதறாவிட்டால் முன்பு பார்த்த ஆளின் சூட்டையே காட்டிக்கொண்டிருக்கும். நாக்குக்கு அடியில் வைத்து, உதட்டை மூடி, இரண்டு நிமிஷம். எடுத்து வெளிச்சத்தில் மெல்ல உருட்டினால் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு தெரியும், அது நிற்கிற இடம்தான் கணக்கு. கழுவுவது பச்சைத் தண்ணீரில். வெந்நீரில் கழுவினால் அடுத்த நிமிஷம் இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும்.

98.4-ல் சிவப்பாக ஒரு அம்புக்குறி இருக்கும். எல்லாரும் அதைச் சட்டம் என்று நினைக்கிறார்கள். அது நடுவில் போட்ட ஒரு அடையாளம், அவ்வளவுதான். நல்ல உடம்பு விடியற்காலையில் அதற்குக் கீழே இருக்கும், சாயங்காலம் ஏறும். ஒரு டிகிரி வரைக்கும் இப்படி ஏறி இறங்குவது உயிருள்ள உடம்பின் குணம். ஆனால் சாயங்காலம் தோறும் நூறைத் தொடுகிறது என்றால் அது காய்ச்சல். சூடாக எதையாவது குடித்த உடனே வைக்காதே, வாய்ச்சூட்டைத்தான் காட்டும். அரைமணி போகட்டும்.

இன்னொன்று. சுராயாவுக்குப் பார்க்கிற அதே நேரத்தில் வீட்டில் நல்லபடியாக இருக்கிற ஒருவருக்கும் பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. அப்போதுதான் குச்சி சரியா, வெயிலா, உடம்பா என்று எனக்குத் தெரியும்.

உன் கையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. கைக்குத் தெரிவதெல்லாம், தொட்ட இடம் தன்னைவிடச் சூடா இல்லையா என்பது மட்டும்தான்.

வர வேண்டாம் என்றாய். வரவில்லை.

கியாசுதீன்


சதுரங்கப்பட்டினம்
17-4-1956

தம்பிக்கு, ஸலாம்.

குழாய் உடையாமல் வந்து சேர்ந்தது. கோடு என் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. சுராயாதான் ஜன்னலோரம் போய் உருட்டிப் பார்த்து, பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி சத்தமாகப் படிக்கிறாள். அவளுடையது, என்னுடையது இரண்டையும் அவளே படிக்கிறாள், நான் எழுதிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை நோன்பு ஆரம்பித்துவிட்டது. பகலில் நோன்போடு வாயில் ஒன்றைத் திணித்துக்கொண்டு உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை. கூடுமா, கூடாதா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டால் ஏன், யாருக்கு, என்ன உடம்பு என்று நாலு கேள்வி வரும். அதனால் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் ஒரு தடவை. பெண் அரை நோன்பு பிடித்துவிட்டு மதியம் லுஹரிலேயே சாப்பிட்டுவிடுகிறாள், ஆனால் ஸஹருக்கும் கஞ்சிக்கும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அரைமணி பொறு என்றாயே, கஞ்சிக் கிண்ணம் காலியானதும் அவள் பாயில் சாய்ந்துவிடுகிறாள். அவளை உலுக்கி எழுப்பி வாயில் குச்சி வைக்க நான் என்ன போலீஸா?

நல்லபடியாக இருக்கிற ஒருவருக்குப் பார்க்கச் சொன்னாய். உன் மச்சான் நோன்பு திறப்பது கடைத்தெருப் பள்ளிவாசலில். வீட்டில் நல்லபடியாக இருப்பது நான்தானே. எனக்கே பார்த்தேன்.

நான்கு நாளும் ஸஹரில் அவளுக்கு 97.8, 98 இப்படி. எனக்கு 98, 98.2. கஞ்சி குடித்ததும் அவளுக்கு 100, 100.2. எனக்கு 100.8, 101, மறுபடியும் 101. பார்த்தாயா? நான் அவளைவிட மேலே! அது காய்ச்சல் என்றால் எனக்கல்லவா முதலில் பாய் விரிக்க வேண்டும்? நான் நோன்போடு மாவு இடிக்கிறேன், கிணற்றில் இறைக்கிறேன், முப்பது நாள் சமையலையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறேன். கஞ்சிச் சூடு தம்பி, வேறொன்றும் இல்லை. வெந்தயமும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் மரக்கட்டைக்கும் நூறு காட்டும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உம்மாவுக்கு அப்படி ஆனதிலிருந்து நாம் இருவருமே அரண்டுபோய் இருக்கிறோம். பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று இன்றுதான் வயிறு குளிர்ந்தது. உன் குச்சிக்கு நன்றி. சாயங்காலம் கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் இருமல், அது எல்லார் வீட்டிலும் உண்டு.

பதருன்னிசா


செங்கல்பட்டு
19-4-1956

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நேற்றே பதில் எழுதி, கிழித்துப்போட்டுவிட்டேன். இது இரண்டாவது.

நல்லபடியாக இருக்கிற ஒருவர் என்று நான் எழுதியபோது மச்சானை நினைத்து எழுதினேன். பெயரைச் சொல்லியே எழுதியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

கஞ்சிச் சூடாக இருக்கலாம். இருந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறது. கஞ்சியின் சூடு அரைமணியில் இறங்கிவிடும், காய்ச்சல் இறங்காது. ஸஹர் நேரத்துக் கணக்கு இதில் உதவாது. எந்த உடம்பும் குளிர்ந்திருக்கிற நேரம் அது. சில காய்ச்சல் காலையில் ஒளிந்துகொண்டு, சாயங்காலம் அஸருக்கு மேல்தான் தலை காட்டும்.

ஆகையால் இப்படிச் செய். அஸர் தொழுததும், கஞ்சி அடுப்பை விட்டு இறங்குவதற்கு முன், அக்குளில் வைத்துப் பார். வியர்வையைத் துடைத்துவிட்டுக் கையை நன்றாக ஒட்டி ஐந்து நிமிஷம். அக்குளில் வாயைவிட ஒரு டிகிரி குறைவாகக் காட்டும், அதை நான் கூட்டிக்கொள்கிறேன். இங்கே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன். நோன்புக்கு ஒரு குறையும் வராது என்றார். சுராயாவுக்கு, உனக்கு, மச்சானுக்கு. மூன்று பேருக்கும் ஐந்து நாள். மச்சானை ஒரு வாரம் அஸருக்கு வீட்டுக்கு வரச் சொல். கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்ளமாட்டாரா?

இருமல் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். யாருக்கு என்று எழுதவில்லை. உனக்கா? எத்தனை நாளாக? விடியற்காலையில் ரவிக்கை நனைகிற மாதிரி வியர்க்கிறதா? போன பெருநாளுக்குத் தைத்த ரவிக்கை இப்போது சரியாக இருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா?

கோபப்படாமல் பதில் எழுது அக்கா. பார்த்ததைப் பார்த்தபடி எழுது. கேட்டுக்கொள்கிறேன்.

கியாசுதீன்


சதுரங்கப்பட்டினம்
26-4-1956

கியாசுதீனுக்கு,

அக்காவின் ரவிக்கை அளவு கேட்டு எழுதுகிற தம்பி ஊரிலேயே நீ ஒருவன்தான். நோன்பில் யார் உடம்பு இளைக்காது? கடற்கரையில் இருந்துகொண்டு யார் இருமாமல் இருக்கிறார்கள்? சித்திரை வெயிலில் வியர்க்காவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

நீ கேட்டபடி அஸருக்கு மேல், அக்குளில், ஐந்து நாள் பார்த்தாகிவிட்டது. உன் மச்சானையும் கடையிலிருந்து வரவழைத்தேன். "இன்னா பேஜாரு புடிச்ச வேலை இது" என்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். எழுதிக்கொள்.

சனி: மூன்று பேருக்கும் 98.4.
ஞாயிறு: 98.4.
திங்கள்: 98.4.
செவ்வாய்: 98.4.
புதன்: 98.4.

சிவப்பு அம்புக்குறி எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றது. போதுமா? இனிமேல் இந்தப் பேச்சை எடுக்காதே. குச்சியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பெருநாள் கழிந்ததும் தேவசகாயத்திடம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்கு எல்லாரும் நோயாளி. ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தாயே, அது போதாதா? என்னையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் இந்தப் பெண்ணை யார் பார்ப்பது, உன் மச்சானுக்கு யார் சோறு ஆக்கிப் போடுவது? அந்த வியாதியின் பெயர் இந்த வீட்டு வாசலில் இன்னொரு தடவை கேட்டால் கடையை மூடிவிட்டுக் கடலில்தான் இறங்க வேண்டும். நாளைக்கு இவளை எவன் நிக்காஹ் செய்துகொள்வான்? உனக்கென்ன, செங்கல்பட்டில் பாட்டில்களுக்கு நடுவில் இருக்கிறாய்.

பதருன்னிசா


செங்கல்பட்டு
28-4-1956

அக்கா,

பதினான்கு வருஷமாக நான் இந்த டிஸ்பென்சரியில் இருக்கிறேன். தினம் இருபது முப்பது பேருக்கு வாயிலும் அக்குளிலும் வைத்துப் பார்க்கிறேன். ஐந்து நாள் ஒரே இடத்தில் நின்ற உடம்பை நான் பார்த்ததே இல்லை. மூன்று உடம்பு, ஐந்து நாள், ஒரே கோடு! அது மனுஷ உடம்பு அல்ல, கடையில் அச்சடித்து வந்த அம்புக்குறி. அக்குளில் வைத்தால் நல்ல உடம்பு 97.4, 97.6 என்றுதான் காட்டும். அதுகூட உனக்குத் தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் அக்கா, அதுவும் அரைப்பிடிச் சோற்றில்.

நீ பொய் எழுதியிருக்கிறாய். ஏன் எழுதினாய் என்றும் எனக்குத் தெரியும். உன்மேல் கோபம் வரவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை.

நானும் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். உம்மா திடீரென்று போகவில்லை. கடைசி மூன்று நாளும் நினைவோடு இருந்தாள். மூன்று நாளும் உன்னைக் கேட்டாள். "பதருவ இட்டாந்துடுடா. அவ வந்தா நான் எந்திரிச்சி குந்திடுவேன்" என்றாள். ஒவ்வொரு தடவையும், தந்தி அடித்துவிட்டேன், வந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். தந்தி ஃபாரத்தில் உன் விலாசத்தை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தபாலாபீஸ் வாசல்வரை இரண்டு தடவை போனேன். கொடுக்கவில்லை. அந்த வார்டில் நீ வந்து நின்றால், உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதால், உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். உன்னையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். உம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் 101-ஐப் பார்த்த அன்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் உன்னை எதிலிருந்து காப்பாற்றினேனோ, அது அதற்கு எட்டு மாதம் முன்பே உன் வீட்டுக்குள் வந்து, உன் பக்கத்தில் படுத்திருக்கிறது. உன்னையும் காப்பாற்றவில்லை, உம்மாவையும் உன் கண்ணில் காட்டவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பார். உன் கைக்குச் சுராயாவின் சூடு தெரியவில்லை, ஆராயியின் கைக்குத் தெரிந்தது. ஏன்? உன் கை அவள் நெற்றியைவிடச் சூடாக இருந்திருக்கிறது அக்கா. அந்தக் கையால்தான் ஒரு மாதமாகப் பெண்ணைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சமாதானம் ஆகியிருக்கிறாய்.

உம்மாவுக்குக் காலம் கடந்தபிறகுதான் ஊசி போட ஆரம்பித்தார்கள். இப்போது ஊசியோடு மாத்திரையும் வந்திருக்கிறது. எங்கள் டாக்டரிடம் நடக்க முடியாமல் வண்டியில் வந்தவர்கள் நடந்து போவதை என் கண்ணால் பார்க்கிறேன். சீக்கிரம் வந்தவர்கள் அவர்கள்.

உண்மையான கணக்கை எழுது. புதன்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால், நீ வேண்டாம் என்றாலும் நான் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் தெருவில் நுழைவேன். யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

கியாசுதீன்


சதுரங்கப்பட்டினம்
30-4-1956

தம்பி,

உம்மா என்னைக் கேட்டாள் என்பதை இந்தப் பத்து மாதத்தில் ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? அதைப் பற்றிக் காகிதத்தில் எழுதமாட்டேன். உன் சட்டையைப் பிடித்து நேரில் கேட்க வேண்டும். இப்போதைக்கு எழுதவேண்டியதை எழுதுகிறேன்.

உன் மச்சானுக்கு 97.4, 97.8, 97.6, 97.4, 97.6.
சுராயாவுக்கு 98.8, 99.2, 99, 99.2, 99.
எனக்கு 100.2, 100.8, 100.4, 100.6, 100.8.

எல்லாம் அக்குளில். ஒரு டிகிரியை நீயே கூட்டிக்கொள். கஞ்சி அப்போது அடுப்பில்தான் இருந்தது.

முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் மச்சான் சிரித்துக்கொண்டே கடைக்குத் திரும்பிப் போனார், அவருக்கு நான் கோட்டைக் காட்டவில்லை. சுராயா படித்தாள், எழுதிக்கொண்டேன். ஐந்து நாளும் முடிந்த மறுநாள் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, எல்லாத்துக்கும் தொண்ணூத்தெட்டு நாலுன்னு எழுதுறே? நான் அப்டி படிக்கலியே" என்றாள். போய் விளையாடு என்றேன். போகவில்லை. "நோன்பு வெச்சுகினு பொய் எழுதுனா நோன்பு இருக்குமா, அம்மா?" என்று கேட்டாள். கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் அழவும் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையோடுதான் அந்தக் கடிதத்தை ஒட்டினேன்.

இருமல் எனக்குத்தான். மாசி மாதத்திலிருந்து. விடியற்காலையில் ரவிக்கை மட்டும் இல்லை, தலையணையும் நனைகிறது. ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

நேற்று உன் கடிதம் தேவசகாயம் கையில் வந்ததும் ஆராயியைக் கூப்பிட்டு என் கையைத் தொடச் சொன்னேன். தொட்டவள் விடவே இல்லை. "அட என் தாயி, ஒனக்குமா?" என்றாள். சுராயா என் பக்கத்தில்தான் படுப்பாள், உம்மா இருந்தபோதும் அங்கேதான் படுத்தாள். நேற்றிலிருந்து அவளுக்கு ஜன்னலோரம் தனிப்பாய். என்ன தப்பு செய்தேன் என்று கேட்கிறாள்.

நேற்று நோன்பு திறக்க உன் மச்சானை வீட்டுக்கே வரச் சொல்லி, கஞ்சி நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். வாயருகே போன கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்புறம், "கடை போனா மயிரே போச்சு. வேற ஊர்ல போட்டுக்கறேன். நீ கெளம்பு" என்றார். கெட்ட வார்த்தைக்கு நோன்பு திறந்தபிறகு மன்னிப்பு உண்டு என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு நான் நோன்பு வைக்கவில்லை. வயசுக்கு வந்த நாளிலிருந்து, நோயாளி என்ற கணக்கில் நான் விடுகிற முதல் நோன்பு. காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? இன்றையதையும் சேர்த்து இன்னும் பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கிறது, பிறை பார்த்தால்தான் தெரியும். விட்டதையெல்லாம் அடுத்த ரமலானுக்குள் பிடித்துத் தீர்க்க வேண்டும்.

வியாழக்கிழமை பஸ்ஸில் சுராயாவோடு வருகிறேன். முதல் பஸ் கூட்டமாக இருக்கும், இரண்டாவதில் வரலாம் என்று இருக்கிறேன். முதலில் பெண்ணைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் என்னை. அதற்கு உன் டாக்டர் சம்மதிக்காவிட்டால் நான் இறங்கமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இதற்குப் பதிலைத் தேவசகாயம் கையிலேயே கொடுத்தனுப்பு. இந்த நோன்புகளைத் திருப்பிப் பிடிக்க நான் இருப்பேனா? கம்பவுண்டராக எழுதாதே. என் தம்பியாக எழுது.

பதரு


செங்கல்பட்டு
1-5-1956

அக்கா,

தேவசகாயம் பஸ்ஸை நிறுத்திக்கொண்டு வாசலில் நிற்கிறார். உள்ளே இருக்கிறவர்கள் கத்துகிறார்கள்.

டாக்டரிடம் எண்களைக் காட்டினேன். முதலில் சுராயாவைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். பெண்ணுக்கு இப்போதுதான் ஆரம்பம் போலிருக்கிறது, இந்த வயசில் இவ்வளவு சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள் என்றார். எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வேன் என்றும் சொன்னார். உனக்கு எப்படி என்று கேட்டேன். வரட்டும், பார்க்கலாம் என்றார். மறுபடியும் கேட்டேன். வரட்டும் என்றார். மூன்றாவது தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது. உம்மா இதே கேள்வியைக் கேட்டபோது, அடுத்த மாதம் வீட்டுக்குப் போய்விடலாம் உம்மா என்று சொன்னேன். அவள் நம்பினாள். உன்னிடம் அப்படிச் சொல்லமாட்டேன். மருந்து ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். சில நாள் இறங்கும், சில நாள் ஏறும். என்ன காட்டுகிறதோ அதை உன் முகத்துக்கு நேராகச் சொல்வேன். நல்லதோ கெட்டதோ, உனக்குத் தெரியாமல் இனி எதுவும் என் சட்டைப்பையில் இருக்காது.

ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், நீ சரி என்று சொன்னபிறகுதான் சேர்ப்பேன். சேர்த்தால் தினமும் வருவேன். சுராயா என் வீட்டில் இருப்பாள். மச்சான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வரட்டும்.

நான் பயந்துபோய் இருக்கிறேன் அக்கா. உன் எண்களைச் சீட்டில் எழுதி, நோயாளி பெயர் என்ற இடத்தில் உன் பெயரைத் தப்பாக எழுதி, சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பதினான்கு வருஷத்தில் ஒரு சீட்டைக்கூட நான் கிழித்ததில்லை.

முதல் பஸ்ஸிலேயே வா. கூட்டமாக இருந்தாலும் ஏறிவிடு, முன் சீட்டில் இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைப்பதாகத் தேவசகாயம் சொல்லியிருக்கிறார். நான் விடிந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். இரண்டாவது பஸ் வரைக்கும் என்னால் தாங்க முடியாது.

கியாசு